கென்னடி வாசித்த எலும்புகள்

உயிரோடு இருக்கும் ஒருவரின் மண்டையோட்டில் வெட்டு விழுந்தால், சில வாரங்களுக்குள் அந்த வெட்டின் விளிம்பு மழுங்கத் தொடங்கும். எலும்பு உயிருள்ள திசு. காயம்பட்டவர் பிழைத்துக்கொண்டால் அது தன்னை மூடிக்கொள்ளப் பார்க்கும். வெட்டுப்பட்ட உடனேயே அவர் இறந்துவிட்டால் விளிம்பு கூர்மையாகவே நின்றுவிடும். இறந்து நெடுங்காலம் கழித்து, மண்ணின் பாரத்தாலோ உப்பாலோ விரிசல் கண்ட எலும்பில் முறிவின் வடிவமும் நிறமும் வேறு மாதிரி இருக்கும். இந்த மூன்றையும் பிரித்தறிவது எலும்பியல் மாணவருக்குத் தொடக்கப் பாடம்.

இந்தப் பாடத்தைப் பொருட்படுத்தாமல் தெற்காசிய வரலாற்றில் ஒரு பெரிய கதை எழுதப்பட்டது. மொகஞ்சதாரோவில் 1920களில் நடந்த அகழாய்வுகளில், வீட்டு அறைகளிலும் சந்துகளிலும் முறையான ஈமச்சடங்கு இல்லாமல் கிடந்த எலும்புக்கூடுகள் கிடைத்தன. 1946-ல் ஹரப்பாவை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், அடுத்த ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் அவற்றைப் படுகொலைக்குச் சான்றாக நிறுத்தினார். ஆரியர் படையெடுத்து வந்து சிந்துவெளி நகரங்களை அழித்தார்கள் என்றும், ரிக் வேதத்தின் இந்திரனே அதற்குப் பொறுப்பு என்றும் அவர் வாதிட்டார். அந்தச் சித்திரம் பாடநூல்களில் இடம்பிடித்தது, மேடைகளிலும் ஏறியது.

1964-ல் ஜார்ஜ் டேல்ஸ் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் இந்தக் கதையைக் கேள்விக்கு உட்படுத்தினார். எலும்புக்கூடுகள் எல்லாம் ஒரே காலத்தைச் சேர்ந்தவை அல்ல. கோட்டைப் பகுதியில் பிணங்கள் இல்லை. போர் நடந்ததற்கான ஆயுதங்களோ எரிந்த தடயங்களோ இல்லை என்று காட்டினார். மண்ணடுக்குகளை வைத்து எழுந்த மறுப்பு அது. எலும்புகளையே கையிலெடுத்துப் பார்த்துச் சொல்ல இன்னொருவர் தேவைப்பட்டார். அவர் கென்னத் ஏ. ஆர். கென்னடி.

அவர் ஆராய்ந்தபோது, கொலைக்காயங்கள் என்று சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை மண்ணுக்குள் ஏற்பட்ட சிதைவுகளாக இருந்தன. உண்மையான தலைக்காயம் ஒன்று ஆறத் தொடங்கியிருந்தது. காயம்பட்டவர் அதற்குப் பிறகும் சில காலம் வாழ்ந்திருக்கிறார். வெட்டுகளைவிடக் கென்னடியை அதிகம் ஈர்த்தது வேறொன்று. சில மண்டையோடுகளின் மேற்பரப்பில் சல்லடைபோல் நுண்துளைகள் இருந்தன. கடுமையான ரத்தசோகை நீடிக்கும்போது எலும்பு மஜ்ஜை விரிந்து இத்தகைய துளைகளை உண்டாக்கும். மலேரியா பரவிய நிலங்களில் காணப்படும் தலசீமியா போன்ற பரம்பரை ரத்தசோகை இதற்குக் காரணமாகலாம் என்று அவர் கருதினார். இந்திரனின் வஜ்ராயுதத்தைத் தேடிய இடத்தில் கொசுவின் தடயம் அவர் கண்ணில் பட்டது.

மண்டையோட்டில் இனம் தேடிய காலம்

கென்னடி 1930-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் பிறந்தார். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் தியோடர் மெக்கவுனிடம் பயின்று 1962-ல் முனைவர் பட்டம் பெற்றார். மெக்கவுன், அன்றைய பாலஸ்தீனத்தின் கார்மல் மலைக் குகைகளில் கிடைத்த தொல்மனித எலும்புகளை ஆர்தர் கீத்துடன் சேர்ந்து ஆராய்ந்தவர். இந்தியாவிலும் ஆர்வம் கொண்டவர். மாணவரான கென்னடி 1964-ல் நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே கற்பித்தார். 2014-ல் மறையும்வரை தெற்காசியாவின் பழைய எலும்புகளே அவருடைய உலகமாக இருந்தன.

அவர் துறைக்குள் நுழைந்தபோது அங்கே ஒரு பழக்கம் வேரூன்றியிருந்தது. மண்டையோட்டின் நீள அகலத்தை அளந்து, விகிதம் கணக்கிட்டு, மூக்கெலும்பையும் புருவமேட்டையும் பார்த்து, இறந்தவரை ஏதேனும் ஓர் இனவகைக்குள் அடைப்பார்கள். மொகஞ்சதாரோவில் கிடைத்த சொற்ப மண்டையோடுகளை வைத்தே சூவெலும் பி. எஸ். குஹாவும் அந்நகர மக்களை முன்-ஆஸ்திரலாய்டு, மத்தியதரைக்கடல், அல்பைன், மங்கோலியன் என நான்கு வகையாகப் பிரித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக உயிரோடிருந்த இந்தியர்களையும் குஹா இப்படியே அளந்து வகைப்படுத்தினார். தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரும் தப்பவில்லை. அலெக்சாண்டர் ரீ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தோண்டியெடுத்த மண்டையோடுகளைப் பற்றி 1930-ல் சாலி சக்கர்மன் எழுதிய ஆய்வைச் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்டது. அதிலும் மையக் கேள்வி, இவர்கள் எந்த இனம் என்பதுதான்.

இந்த முறையின் அடிப்படையே கோணலானது. எந்த மக்கள்கூட்டத்திலும் நீண்ட தலைக்காரரும் இருப்பார், அகன்ற தலைக்காரரும் இருப்பார். ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகளை இருவேறு இனங்களில் சேர்க்கவும் இந்த வகைப்பாட்டில் இடமுண்டு. தலைவடிவம் பரம்பரையால் மட்டும் உறுதியாவதும் இல்லை. அமெரிக்காவில் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குப் பெற்றோரிடமிருந்து மாறுபட்ட தலைவிகிதம் இருப்பதை ஃபிரான்ஸ் போவாஸ் 1910களின் தொடக்கத்திலேயே காட்டியிருந்தார். ஆனாலும் பழக்கம் விடவில்லை.

அந்தப் பழக்கம் மனிதர்களை எங்கே கொண்டுபோய்விடும் என்பதை ஒரே ஓர் அகழாய்வுத் தளத்தின் வழியாகப் பார்க்கலாம். குஜராத்தின் லங்னாஜில் 1944 முதல் 1963 வரை எச். டி. சங்காலியா தலைமையில் அகழாய்வுகள் நடந்தன. நுண்கற்கருவிகளைப் பயன்படுத்திய வேட்டைச் சமூகத்தினரின் எலும்புக்கூடுகள் அங்கே கிடைத்தன. முதலில் அவற்றை ஆராய்ந்தவர்களில் ஒருவர், புனே டெக்கான் கல்லூரியின் ஐராவதி கர்வே. 1920களின் இறுதியில் பெர்லினில் இனவாத அறிஞர் ஆய்கன் ஃபிஷரிடம் முனைவர் பட்டத்துக்காகச் சேர்ந்தவர் கர்வே. ஐரோப்பியரின் மண்டையோட்டுச் சமச்சீரின்மை அவர்களுடைய அறிவு மேன்மையைக் காட்டுகிறதா என்பதே அவரிடம் ஒப்படைக்கப்பட்ட கேள்வி. 149 மண்டையோடுகளை அளந்துவிட்டு, அப்படி எந்த இன வேறுபாடும் இல்லை என்று வழிகாட்டியின் எதிர்பார்ப்புக்கு மாறாக எழுதினார் அந்த இளம்பெண்.

லங்னாஜ் எலும்புகளைப் பற்றிய விரிவான அறிக்கையை டெக்கான் கல்லூரி 1965-ல் வெளியிட்டது. அதில் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் கென்னடி. மற்றவர் ஜெர்மனியின் சோஃபி எர்ஹார்ட். நாஜி ஆட்சியில் ராபர்ட் ரிட்டரின் ஆய்வுக்குழுவோடு சேர்ந்து ஐரோப்பாவின் சின்டி, ரோமா மக்களை அளந்தவர் அவர். அளக்கப்பட்ட அந்த மக்களில் ஏராளமானோர் பின்னர் வதைமுகாம்களில் கொல்லப்பட்டார்கள். போருக்குப் பிறகும் எர்ஹார்ட் பல்கலைக்கழகப் பணியில் தொடர்ந்தார். அந்தப் பழைய ஆவணங்களைத் தங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1981-ல் சின்டி மக்கள் ட்யூபிங்கன் பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்தில் புகுந்து போராட வேண்டியிருந்தது. கர்வே, எர்ஹார்ட், கென்னடி மூவர் கையிலும் இருந்த அளவுகோல் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு எதைக் கேட்பது என்பதில்தான் அவர்கள் பிரிகிறார்கள்.

வேட்டைக்காரரின் முழங்கை

கென்னடியின் கேள்வி படிப்படியாக உருமாறியது. இவர் எந்த இனம் என்பதிலிருந்து, இவர் என்ன வேலை செய்தார், என்ன சாப்பிட்டார், எந்த நோயைத் தாங்கினார், எப்படி இறந்தார் என்பதற்கு அவர் நகர்ந்தார்.

கங்கைச் சமவெளியில், உத்தரப் பிரதேசத்தின் பிரதாப்கர் மாவட்டத்தில், சராய் நாகர் ராய், மகதாகா, தம்தமா என மூன்று இடைக்கற்காலத் தளங்கள் உள்ளன. அலகாபாத் பல்கலைக்கழகத்தினர் அங்கே அகழ்ந்தெடுத்த எலும்புக்கூடுகளைக் கென்னடியும் அவருடைய மாணவர் வட்டமும் ஆராய்ந்தார்கள். நெடிய, உறுதியான உடல்கொண்ட வேட்டைக்காரர்கள் அவர்கள். பல் தேய்ந்திருந்தது, ஆனால் சொத்தை மிகக் குறைவு. மாவுச்சத்து மிகுந்த தானிய உணவு பெருகிய பின்னரே தெற்காசியப் பற்களில் சொத்தை மலிந்தது என்பதைப் பின்னாளில் விரிவாக நிறுவியவர் ஜான் லூகாச். அவர் கென்னடியின் மாணவர்.

முழங்கைக்குக் கீழே சுண்டுவிரல் பக்கமாக ஓடும் எலும்பின் மேல்முனையில் ஒரு சிறு வரம்பு உண்டு. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப உதவும் தசை அங்கேதான் தொடங்குகிறது. கங்கைச் சமவெளி எலும்புகளில் அந்த வரம்பு சிலருக்கு அளவுக்கு மீறித் தடித்திருப்பதைக் கென்னடி கவனித்தார். ஈட்டியை ஓங்கி எறியும்போது முழங்கை நீண்டு முன்கை முறுக்கும் அந்த அசைவு, ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப நிகழ்ந்ததன் தழும்பு அது என்று 1983-ல் எழுதினார். ஓயாமல் குந்தி உட்கார்ந்து வேலை செய்தவரின் கணுக்காலில் விழும் தேய்வு, நார்களைப் பல்லால் இழுத்து உரித்தவரின் பல்லில் விழும் பள்ளம், குளிர்நீரில் மூழ்கியெழுந்தவரின் காதுத்துளையில் வளரும் எலும்பு முடிச்சு என்று உலகெங்கும் சிதறிக் கிடந்த மருத்துவக் குறிப்புகளை அவர் ஒன்றுதிரட்டினார். யாஷர் இஷ்ஜானுடன் இணைந்து 1989-ல் தொகுத்த நூலில் வெளிவந்த அந்தப் பட்டியல், தொழில்தழும்புகளைப் பற்றிய ஆய்வுக்கு அடிப்படையாக அமைந்தது.

அந்த ஆய்வுமுறை எதிர்ப்பையும் சந்தித்தது. தசை பிடிக்கும் இடங்கள் தடிப்பதில் வயதுக்கும் உடற்பருமனுக்கும் பெரும் பங்குண்டு என்று அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு வரம்பைப் பார்த்த உடனே இவர் ஈட்டி எறிந்தவர், இவர் துடுப்புப் போட்டவர் என்று தொழில் பெயர் சொல்வதை ராபர்ட் ஜூர்மெய்ன் கடுமையாக விமர்சித்தார். இந்த விமர்சனம் நியாயமானது. வலக்கை இடக்கை வேறுபாடு, ஆண் பெண் வேறுபாடு, முழுக் கூட்டத்திலும் அந்த மாற்றம் எத்தனை பேரிடம் தெரிகிறது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்காமல் ஒற்றை எலும்பிலிருந்து ஒரு வாழ்க்கையைச் சொல்ல முடியாது என்ற எச்சரிக்கை இன்று துறையில் நிலைத்துவிட்டது. கென்னடி கேட்ட கேள்வி நிற்கிறது. அதற்கு விடை சொல்லும் முறை கடினமாகியிருக்கிறது.

பலாங்கொடையும் வேடரும்

கென்னடியின் முனைவர் பட்ட ஆய்வே இலங்கையைப் பற்றியது. பி. ஈ. பி. தெரணியகல பலாங்கொடைப் பகுதியில் கண்டெடுத்த தொல்மனிதருக்கும், இன்றும் இலங்கையில் வாழும் வேடருக்கும் உயிரியல் தொடர்பு உண்டா என்று அவர் ஆராய்ந்தார். வேடரைப் பற்றி அதற்கு முன் நிறைய எழுதியவர்கள் சுவிட்சர்லாந்தின் சரசின் உறவினர்கள் இருவர். மனித வளர்ச்சியின் கீழ்ப்படியில் உறைந்துவிட்டவர்களாகவே வேடரைச் சித்திரித்திருந்தார்கள். கென்னடி கண்டது வேறு: தொல்மனிதரின் சில எலும்புக்கூறுகள் வேடரிடம் தொடர்கின்றன, ஆனால் ஆயிரமாயிரம் ஆண்டுகளில் பல்லும் தாடையும் சிறுத்திருக்கின்றன, அண்டை மக்களோடு கலப்பும் நேர்ந்திருக்கிறது. உறைந்து நின்ற இனம் என்று எதுவும் அங்கே இல்லை.

பின்னர் சிரான் தெரணியகல, குருவிட்ட அருகே பட்டதொம்ப குகையிலும், கித்துள்கல பெலிலென குகையிலும், களுத்துறை மாவட்டத்தின் பாஹியன் குகையிலும் அகழாய்வு செய்தபோது, மனித எலும்புகளை ஆராயும் பொறுப்பு கென்னடியிடம் வந்தது. பட்டதொம்பவில் கிடைத்தவை சுமார் 28,000 ஆண்டுகள் பழமையானவை. பாஹியன் குகையின் மனித எச்சங்கள் அவற்றையும் முந்தியவை. தெற்காசியாவில் உடலமைப்பில் நம்மைப் போன்ற மனிதரின் மிகப் பழைய எலும்புகளில் இவை அடங்கும். மழைக்காட்டுக்குள் நுண்கற்கருவிகளோடு மனிதர் நிலைத்து வாழ்ந்ததற்கும் இந்தக் குகைகளே சாட்சி.

நர்மதைக் கரையின் ஹத்நோராவில் 1982-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் அருண் சொனாக்கியா கண்டெடுத்த மண்டையோட்டிலும் கென்னடியின் கை உண்டு. முதலில் அது ஹோமோ எரெக்டஸ் என அறிவிக்கப்பட்டது. 1991-ல் கென்னடி, சொனாக்கியாவையும் இணைத்துக்கொண்டு மறுஆய்வு வெளியிட்டார். அது தொன்மையான ஹோமோ சேப்பியன்ஸ் வகைக்கே நெருக்கமானது என்றார். கண்டெடுத்தவரையே உடனழைத்துக்கொண்டு அவருடைய முடிவைத் திருத்துவது ஆய்வுலகில் எளிதாகக் காணக்கிடைப்பதல்ல.

ஆரியர் கேள்வி

தமிழ் வாசகருக்கு நெருக்கமான பகுதி இதுதான். சிந்துவெளியிலிருந்து மெகாலிதிக் எனப்படும் பெருங்கற்காலம்வரை கிடைத்த எலும்புகளைக் கென்னடி ஒப்பிட்டார். 1975-ல் தென்னிந்திய, இலங்கைப் பெருங்கற்கால மக்களின் உடலமைப்பைப் பற்றித் தனி நூல் எழுதினார். பெருங்கற்சின்னங்களை எழுப்பியவர்கள் வெளியிலிருந்து வந்த ஒரு தனி இனம் என்ற கருத்துக்கு எலும்புகளில் ஆதாரம் இல்லை. அவர்களுக்குள்ளேயே பெரிய வேறுபாடுகள் இருந்தன என்பது அவருடைய முடிவு. 1987 முதல் ஹரப்பாவின் ஆர்-37 இடுகாட்டில் மீண்டும் நடந்த அகழாய்விலும் பங்கேற்றார். அந்த எலும்புகளையும் பற்களையும் பிற தளங்களோடு ஒப்பிட்டபோது, கி.மு. 6000-க்கும் 4500-க்கும் இடையில் ஒரு மாற்றமும், கி.மு. 800-க்குப் பிறகு இன்னொரு மாற்றமும் தெரிந்தன. ஆரியர் வருகைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டில் திடீர் முறிவு எதுவும் தெரியவில்லை. ஆரியர் எனச் சுட்டிக்காட்டத்தக்க எலும்புக்கூடு எதுவும் இல்லை என்று 1995-ல் அவர் எழுதினார்.

இந்த வரியைப் பிடித்துக்கொண்டு, அப்படியென்றால் வெளியிலிருந்து யாருமே வரவில்லை என்று வாதிட்டவர்கள் உண்டு. கென்னடி சொன்னது அவ்வளவு அகலமானது அல்ல. ஆரியம் மொழியைச் சார்ந்த அடையாளம். பேசிய மொழி எலும்பில் பதிவதில்லை. ஆகவே எலும்பை வைத்து ஆரியரை நிறுவவும் முடியாது, முற்றாக மறுக்கவும் முடியாது. மண்டையோட்டின் வடிவம் காட்டாத நகர்வை 2019-ல் மரபணு காட்டியது. கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டின் முற்பாதியில் ஸ்டெப்பி புல்வெளி மக்களின் மரபு தெற்காசியாவுக்குள் கலந்தது என்று அந்த ஆண்டு வெளியான விரிவான மரபணு ஆய்வு நிறுவியது. அதே சமயத்தில் ராக்கிகடியில் புதைக்கப்பட்ட ஒரு சிந்துவெளிப் பெண்ணின் மரபணுவில் அந்த ஸ்டெப்பி மரபு இல்லை என்பதும் தெரியவந்தது. கென்னடியின் முடிவில் ஒரு பாதி இப்போதும் உறுதியாக நிற்கிறது: படுகொலையும் இல்லை, ஒரு மக்கள் போய் இன்னொரு மக்கள் அந்த இடத்தில் உட்காரவும் இல்லை. மறுபாதி திருத்தம் பெறுகிறது: எலும்பு அளவுகளில் பிடிபடாத அளவுக்குக் கலப்பு, தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது.

கென்னடி தடய மானிடவியலிலும் அங்கீகாரம் பெற்றவர். அடையாளம் தெரியாத எலும்புக்கூடுகள் பற்றிக் காவல்துறைக்கு உதவியவர். காணாமற்போனோர் பட்டியலில் அமெரிக்கக் காவல்துறை இனத்தையும் எழுதிவைக்கிறது. இனங்கள் இல்லை என்று வகுப்பில் சொல்லிவிட்டு, ஆய்வகத்தில் ஏன் இன அடையாளம் காணக் கற்றுத்தருகிறீர்கள் என்ற மாணவரின் கேள்வியையே அவர் 1995-ல் ஒரு கட்டுரைக்குத் தலைப்பாக்கினார். சமூகம் ஒருவருக்கு ஒட்டிய பெயரோடு எலும்பைப் பொருத்திப் பார்ப்பது ஒரு குடும்பத்துக்கு அதன் பிள்ளையைக் கண்டுபிடித்துத் தர உதவும். அந்தப் பெயரை இயற்கையின் பகுப்பு என்று நம்புவது தவறு. இரண்டையும் ஒரே மனிதர் நேர்மையாகச் செய்ய முடியும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்று.

பெட்டிகளில் இருப்பவை

கென்னடி ஆராய்ந்த எலும்புகளில் பல, அவர் பிறப்பதற்கு முன்பே அகழ்ந்தெடுக்கப்பட்டவை. யாரோ சேமித்து வைத்ததால் அவர் மறுபடி பார்க்க முடிந்தது. சேமிப்பு தவறியபோது நேர்ந்ததும் நமக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்கத்தாவிலிருந்து வாரணாசிக்கு மாற்றப்பட்ட ஹரப்பா எலும்புகள், 1943-ல் வருணா ஆற்று வெள்ளத்தில் சிக்கிச் சேதமடைந்தன. அவற்றைப் பற்றிய முழு அறிக்கை 1962-ல்தான் வெளிவந்தது. ராக்கிகடியில் 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்து ஒன்றே ஒன்றிலிருந்துதான் பயன்படத்தக்க மரபணுவை எடுக்க முடிந்தது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் மண்ணில் ஒவ்வொரு துண்டும் அவ்வளவு அரிது.

இப்போது அந்தப் பொறுப்பு தமிழ்நாட்டின் முன்னால் நிற்கிறது. கீழடி வாழிடத்தின் இடுகாடான கொந்தகையில் முதுமக்கள் தாழிகளிலிருந்து எலும்புகள் கிடைத்திருக்கின்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் மரபணு ஆய்வில் இறங்கியிருக்கிறது. இரண்டு மண்டையோடுகளை வைத்து லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் உருவாக்கிய முகங்கள் 2025-ல் வெளியாகிப் பெரும் கவனம் பெற்றன. தம் முன்னோரின் முகத்தைப் பார்க்க மக்கள் விரும்புவது இயல்பு. ஆனால் தோலின் நிறமும் கண்ணின் நிறமும் மண்டையோட்டிலிருந்து வருபவை அல்ல. எலும்பின் மேல் சதை எவ்வளவு தடிப்பு என்ற கணக்குகூட இன்றைய மனிதர்களிடம் எடுத்த சராசரிதான். அந்த முகங்களைப் பார்த்து, இவர் யாரைப்போல் இருக்கிறார் என்ற விவாதம் உடனே கிளம்பியது. 1930-ல் ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளிடம் கேட்கப்பட்ட அதே கேள்வி அது.

கென்னடியின் வழியில் போனால் கொந்தகையிடம் கேட்க வேண்டியவை வேறு. பிள்ளைப்பருவத்தில் பட்டினியோ கடும் நோயோ வந்ததைக் காட்டும் வரிகள் எத்தனை பேரின் பல்லெனாமலில் இருக்கின்றன? எந்த வயதில் அதிகம் பேர் இறந்தார்கள்? பெண்களின் முதுகெலும்பு ஆண்களுடையதைவிட முன்னதாகத் தேய்ந்திருக்கிறதா? மண்டையோட்டில் ரத்தசோகைத் துளைகள் உண்டா? ஆறிய எலும்பு முறிவு இருக்கிறதா? இருந்தால் அது நேராகக் கூடியதா, கோணலாகக் கூடியதா? நேராகக் கூடியிருந்தால் கட்டுப்போடத் தெரிந்த கை ஒன்று அந்த ஊரில் இருந்திருக்கிறது. இவற்றுக்கு விடை சொல்ல ஒவ்வொரு துண்டின் அளவும், படமும், கிடந்த தாழியின் எண்ணும் முழுமையாக அச்சில் வர வேண்டும். பற்களும் எலும்புகளும் ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட நிரந்தரக் காப்பகத்தில் இருக்க வேண்டும். அவற்றை வாசிக்கப் பயிற்சி பெற்ற எலும்பியலாளர்கள் தமிழகப் பல்கலைக்கழகங்களில் முழுநேரப் பணியில் அமர வேண்டும்.